ஒலிபீன் எப்பொட்சியேற்றமும் உலோக ஒட்சோச் சிக்கல்களும்: ஒரு வரலாற்று நோக்கு

2001 ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபெல் பரிசின் ஒரு பாதி, சமச்சீரற்ற ஒட்சியேற்றத் தாக்கங்களுக்காக அமெரிக்கரான பரி சார்ப்பிளெசுக்கு வழங்கப்பட்டது. ஒலிபீன்களின் எப்பொட்சியேற்ற வரலாற்றை 1980 ஆம் ஆண்டிலிருந்தும், ஒரு தனிமனிதரின் பெயரிலிருந்தும் தொடங்கும் வழக்கம் இதனால் மேலும் வேரூன்றியது. இவ்வழக்கம் கற்பிப்பதற்கு வசதியானது. ஆயின் வரலாறு ஆகாது. தாண்டல் உலோகங்களின் ஒட்சோச் சிக்கல்கள் இத்துறையிற் பெருமளவிற் புகுந்த வாயில் பல்கலைக்கழக ஆய்வுகூடமன்று. கழிவாலும் செலவாலும் நெருக்குண்ட தொழிற்சாலையே ஆகும். உலோகம் உண்மையில் என்ன செய்கின்றது என்ற வினாவுக்கு விடை காணப்படுவதற்கு முன்னரே, அது தொன் கணக்கான உற்பத்தியில் ஈடுபடுத்தப்பட்டுவிட்டது.

இரட்டைப் பிணைப்பால் இணைந்த காபன் அணுக்களைக் கொண்ட ஐதரோகாபன்களை ஒலிபீன்கள் என்பர். அவ்விரு காபன்களுக்கும் பாலமாக ஓர் ஒட்சிசன் அணு அமையுமிடத்து மூவுறுப்பு வளையமொன்று தோன்றுகின்றது. இதுவே எப்பொட்சைட்டு. இயல்பாக ஏறத்தாழ 109 பாகைக் கோணத்தில் அமையும் பிணைப்புகள் இங்கே 60 பாகைக்குள் வளைக்கப்பட்டுள்ளன. எனவே நாணேற்றிய வில்லைப் போன்று வளையம் விறைத்து நிற்கின்றது. நீரோ, அற்ககோலோ, அமைனோ அணுகின் திறந்துகொள்கின்றது. எப்பொட்சைட்டின் பொருளாதாரப் பெறுமதி முழுவதும் இவ்விறைப்பிலேயே தங்கியுள்ளது. மெத்தை நுரை, செயற்கை இழை, உறைதலைத் தடுக்கும் திரவம், மருந்து ஆகிய பலவும் இவ்வளையத்தின் வழியாகவே வருகின்றன.

எதிலீன் ஒட்சைட்டை முதலில் ஆக்கியவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் சாள்சு அடோல்வ் வூட்சு (1859). எதிலீன் குளோரோஐதரினை வன்காரத்துடன் தாக்கமுறச் செய்து அவர் அதனைப் பெற்றார். அரை நூற்றாண்டுக்கு மேலாக இஃது ஆய்வுகூடப் பொருளாகவே இருந்தது. குளோரோஐதரினைப் பெருந்தொழிலாக்கிய தேவை சமாதானத்தின் தேவையன்று. முதலாம் உலக யுத்தத்தில், 1917 ஆம் ஆண்டு யூலை மாதம் ஈப்பர் களத்தில் ஜேர்மனியர் முதன்முதலாகப் பயன்படுத்திய கடுகு வாயுவின் உற்பத்திக்கு எதிலீன் குளோரோஐதரினே இடைப்பொருளாயிற்று. யுத்தம் முடிந்தபின் அதே முறை கிளைக்கோலுக்கும் எப்பொட்சைட்டுகளுக்கும் திருப்பப்பட்டது.

குளோரோஐதரின் முறையின் குறைபாட்டை அறிய நுண்ணிய ஆய்வு வேண்டியதில்லை. மூலக்கூற்று நிறைகளைக் கூட்டிப் பார்த்தலே போதும். புரொப்பிலீனைக் குளோரீனுடனும் நீருடனும் சேர்த்து, பின் சுண்ணாம்பால் அமிலத்தை அகற்றினால், 58 பங்கு புரொப்பிலீன் ஒட்சைட்டுக்கு 111 பங்கு கல்சியங் குளோரைட்டு கிடைக்கின்றது. விளைபொருளிற் குளோரீன் அணு ஒன்றேனும் இல்லை. உப்பை மின்பகுத்து அரிதிற் பெற்ற குளோரீன் முழுவதும், விளைபொருளைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நிறையுள்ள உப்பாக, ஐதான கரைசலில் ஆற்றை நோக்கிச் செல்கின்றது. இக்கழிவுக்கான விலையை உற்பத்தியாளர் செலுத்தாதவரையில் இம்முறை 'மலிவானது' எனப்பட்டது.

எதிலீனைப் பொறுத்தவரையில் விடுதலை விரைவாக வந்தது. 1931 இல் தியோடோர் லெவோர் என்ற பிரெஞ்சுக்காரர், வெள்ளியை ஊக்கியாகக் கொண்டு காற்றின் ஒட்சிசனை நேரடியாக எதிலீனிற் சேர்க்கலாம் எனக் கண்டார். 1937 இல் யூனியன் காபைட்டு நிறுவனம் இதனைத் தொழிலாக்கிற்று. ஆயின் ஒரே ஒரு காபன் அணு கூடிய புரொப்பிலீன் இவ்வழிக்கு இணங்கவில்லை. இரட்டைப் பிணைப்புக்கு அயலிலுள்ள காபனில் உள்ள ஐதரசன்களை ஒட்சிசன் எளிதிற் கவர்வதால், எப்பொட்சைட்டு உருவாவதற்கு மாறாக மூலக்கூறு பெரும்பாலும் எரிந்து காபனீரொட்சைட்டாகின்றது. எதிலீன் கைவிட்ட குளோரோஐதரின் ஆலைகள் பல புரொப்பிலீனுக்கு மாற்றப்பட்டன. பழைய கழிவு புதிய பெயரில் தொடர்ந்தது.

இதனிடையே, 1909 இல் உருசிய இரசாயனவியலாளர் நிக்கொலாய் பிறிலெசாயெவ், பேரமிலங்கள் ஒலிபீன்களை எப்பொட்சைட்டாக்கும் என நிறுவியிருந்தார். இங்கு உலோகம் எதுவுமில்லை. பேரமிலத்தின் தளர்ந்த ஒட்சிசன் - ஒட்சிசன் பிணைப்பு அறுந்து, ஓரணு ஒலிபீனைச் சேர்கின்றது. ஆய்வுகூடத்தில் இன்றும் கையாளப்படும் சிறந்த முறை இது. எனினும் பேரமிலங்கள் விலை கூடியவை, வெடிக்குந் தன்மையுடையவை. மலிவான பேரொட்சைட்டுகளோ மந்தமானவை; ஒலிபீனுடன் தாமாகத் தாக்கமுறா. ஆகவே பிரச்சினை பின்வருமாறு அமைந்தது: மந்தமான பேரொட்சைட்டைத் தூண்டி, அதன் ஓர் ஒட்சிசனைக் கைமாறச் செய்யும் இடையாள் யார்?

அவ்விடையாளின் முதற் சாயல் 1950 இல் இங்கிலாந்திலே தென்பட்டது. வனேடியம் பெந்தொட்சைட்டின் முன்னிலையில் அற்கைல் ஐதரோபேரொட்சைட்டுகள் ஒலிபீன்களை எப்பொட்சைட்டாக்குவதை ஹோக்கின்சு அறிவித்தார். அவ்வறிவிப்பு உடனே பெருங் கவனத்தைப் பெறவில்லை. 1960களில் அமெரிக்காவின் ஹல்கொன் நிறுவனத்தில் யோன் கொல்லார் மொலிப்தனச் சேர்வைகளை ஊக்கிகளாகக் கொண்டு இதனை வளர்த்தார். அவரது காப்புரிமைகள் 1967 இல் வெளிவந்தன. ஹல்கொனும் அத்திலாந்திக் றிச்ஃபீல்டும் கூட்டாக நிறுவிய ஒக்சிறேன் நிறுவனம் 1969 இல் டெக்சாசு மாநிலத்தின் பேபோட்டில் முதலாவது ஆலையை இயக்கிற்று. ஆய்வேடுகளில் அன்றி, காப்புரிமைப் பத்திரங்களிலேயே இத்துறையின் முக்கிய பக்கம் எழுதப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. அறிவு முதலில் சொத்தாகவும், பின்னரே அறிவாகவும் தோன்றியது எனலாம்.

இம்முறையின் உள்ளமைப்பு நுட்பமானது. ஐசோபியூற்றேனைக் காற்றால் ஒட்சியேற்றிப் புடை-பியூற்றைல் ஐதரோபேரொட்சைட்டு பெறப்படுகின்றது. மொலிப்தனத்தின் துணையுடன் அதன் ஓர் ஒட்சிசன் புரொப்பிலீனுக்குச் செல்ல, மற்றையது புடை-பியூற்றைல் அற்ககோலில் எஞ்சுகின்றது. குளோரீனும் உப்பும் ஒழிந்தன. ஆனால் 58 பங்கு எப்பொட்சைட்டுக்குக் குறைந்தது 74 பங்கு அற்ககோல் உடன்பிறக்கின்றது. நடைமுறையில் இன்னுங் கூடுதல். ஐசோபியூற்றேனுக்குப் பதிலாக எதைல்பென்சீனைக் கொண்டால் முடிவில் 104 பங்கு ஸ்ரைரீன் வந்து சேரும். எனவே ஆலையின் இலாபம் எப்பொட்சைட்டின் விலையிலன்றி, உடன்பிறந்த பொருளின் சந்தையிலே தொங்கிற்று. புடை-பியூற்றைல் அற்ககோலுக்குப் பெரும் போக்கிடம், அதிலிருந்து ஆக்கப்பட்ட மெதைல் புடை-பியூற்றைல் ஈதரைப் பெற்றோலில் கலப்பதாயிற்று. நிலத்தடி நீரை அவ்வீதர் மாசுபடுத்தியமையால் கலிபோர்னியா 2004 முதல் அதனைத் தடைசெய்தது. ஆற்றுக்குச் சென்ற கழிவு, ஒரு சுற்றுச் சுற்றிக் கிணற்றுக்கு வந்தது.

இனி, உலோகத்தின் பணிக்கு வருவோம். உலோகத்துடன் இரட்டைப் பிணைப்பு இயல்புடன் தனித்து இணைந்த ஒட்சிசனை ஒட்சோ என்பர். இரு ஒட்சிசன் அணுக்கள் தம்முள் பிணைந்தவாறே உலோகத்தைப் பற்றின் அது பேரொட்சோ எனப்படும். மொலிப்தன, வனேடிய ஊக்கிகள் ஒட்சோவைத் தாங்கியவை. ஆதலால் அந்த ஒட்சோவே ஒலிபீனுக்கு வழங்கப்படுகின்றது என எண்ணுதல் இயல்பே. பிரெஞ்சுப் பெற்றோலிய நிறுவகத்தைச் சேர்ந்த மிமூன், ஓர் ஒட்சோவும் இரு பேரொட்சோக்களும் கொண்ட மொலிப்தனச் சிக்கலைத் தனிப்படுத்தி, அது ஊக்கியின்றியே ஒலிபீன்களை எப்பொட்சைட்டாக்குவதை 1970 இல் விளக்கினார். ஒலிபீன் முதலில் உலோகத்தைப் பற்றி, பின் பேரொட்சோவுடன் ஐந்துறுப்பு வளையமாக இணைகின்றது என்பது அவர் கருத்து. 1972 இல் சார்ப்பிளெசும் உடனாய்வாளரும் இதனை மறுத்தனர். ஒலிபீன் உலோகத்தை அணுகுவதேயில்லை. பிறிலெசாயெவின் பேரமிலத்தில் நிகழ்வதுபோல், பேரொட்சோவின் ஓர் ஒட்சிசனை நேரே தாக்குகின்றது என்றனர். 1977 இல் சொங்கும் சார்ப்பிளெசும் ஒட்சிசன்-18 சமதானியைக் கொண்டு செய்த சோதனை, அற்கைல் ஐதரோபேரொட்சைட்டு முறையிலும் ஒட்சோ தன் இடத்தில் இருக்க, பேரொட்சைட்டின் ஒட்சிசனே கைமாறுவதைக் காட்டியது. 1990களின் பிற்பகுதி முதல் நிகழ்ந்த குவாண்டம் கணிப்புகளும் பெரும்பாலும் நேர்த்தாக்குதலுக்கே சார்பாயின. மிமூனின் விளக்கம் தோற்றிருக்கலாம். ஆயின் அவர் தனிப்படுத்திய சேர்வை இல்லையேல் இவ்விவாதமே எழுந்திராது.

ஒட்சோ ஏன் கொடுக்கவில்லை? இதற்கான திறவுகோல் முன்னரே, 1962 இல், வனடைல் அயனின் இலத்திரன் கட்டமைப்பை ஆராய்ந்த பால்ஹவுசன், கிறே ஆகியோரின் கட்டுரையில் இருந்தது. உயர்ந்த ஒட்சியேற்ற நிலையிலுள்ள மொலிப்தனத்திலும் வனேடியத்திலும் உலோகத்தின் டி ஒழுக்குகள் வெறுமையாயிருக்கும். ஒட்சிசன் தன் இலத்திரன்களைத் தாராளமாக அவற்றுக்கு வழங்க, பிணைப்பு மும்மைப் பிணைப்பை ஒத்த வலிமை பெறுகின்றது. அத்தகைய ஒட்சிசன் எளிதிற் பிரியாது. ஆவர்த்தன அட்டவணையில் வலப்புறமாகச் செல்லச் செல்ல, டி ஒழுக்குகளில் இலத்திரன்கள் குடியேறி, பிணைப்பைத் தளர்த்துகின்றன. அங்கே ஒட்சோ கொடையாளியாகின்றது. வலிமையான ஒட்சியேற்றியான குரோமியம் இடைநடுவில் நிற்கின்றது. டி இலத்திரன் இல்லாதபோதிலும் குரோமைல் குளோரைட்டு ஒலிபீனுக்கு ஒட்சிசனை வழங்கும்.

ஒட்சோ கொடையாளியாகும் இவ்வுலகை இயற்கை முன்னரே கண்டிருந்தது. ஈரலிலுள்ள சைற்றோகுரோம் பி-450 என்ற இரும்பு நொதியம், காற்றின் ஒட்சிசனைப் பிளந்து ஓரணுவை நீராக்கி, மற்றையதை இரும்பு ஒட்சோவாக ஏந்திச் சேதனப் பொருள்களுக்கு அளிக்கின்றது. உடலைத் துப்புரவாக்கும் இத்தொழில் சிலபோது உடலையே கொல்லும். இலண்டனில் புகைபோக்கிகளைத் துடைப்பதற்குச் சிறுவயதிலேயே ஈடுபடுத்தப்பட்டோரிடம் பின்னாளிற் கண்ட புற்றுநோயைப் பேசிவல் பொற் 1775 இல் விவரித்தார். கரியிலுள்ள பென்சோபைரீன் நொதியத்தால் எப்பொட்சைட்டாகி மரபணுப் பொருளைப் பற்றுகின்றது என்பது புலப்பட 1974 வரை செல்லவேண்டியிருந்தது. விறைத்த வளையம் எதையும் தாக்கும் என்பதற்கு வறிய சிறுவரின் உடல்களே முதற் சான்றாயின.

1979 இல் அமெரிக்காவில் குரோவ்சு, இரும்புப் போபிரினையும் அயடோசில்பென்சீனையும் கொண்டு நொதியமின்றியே எப்பொட்சியேற்றத்தை நிகழ்த்தினார். 1980களின் நடுப்பகுதியில் கொச்சியின் குழுவினர் போபிரினுக்குப் பதிலாக எளிதில் ஆக்கத்தக்க சாலென் இணையியைக் குரோமியத்துடனும் மங்கனீசுடனும் இணைத்தனர். இதற்கு இடைப்பட்ட ஆண்டிலேயே, அதாவது 1980 இல், கற்சுக்கியும் சார்ப்பிளெசும் தைத்தானியம் அற்கொட்சைட்டையும் தாத்தரேற்றையும் கொண்ட தம் புகழ்பெற்ற முறையை வெளியிட்டனர். 1973 இலேயே சார்ப்பிளெசும் மைக்கல்சனும் வனேடிய ஊக்கியால், இரு இரட்டைப் பிணைப்புகளுள்ள ஜெரனியோலில் அற்ககோற் கூட்டத்துக்கு அண்மையிலுள்ளதை மட்டும் தேர்ந்து எப்பொட்சைட்டாக்கியிருந்தனர். (ஜெரனியோல் நமது தென்மாகாணத்துச் சிற்றொனெல்லாப் புல்லின் எண்ணெயிலும் உள்ளது.) உலோகம் அற்ககோலைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனை அருகிலே நீட்டுகின்றது என்ற அவ்வறிவே, திராட்சையிலும் புளியிலும் உள்ள தாத்தாரிக் அமிலத்தின் எசுத்தரைச் சேர்த்து, ஆடிவிம்ப வடிவங்களில் ஒன்றை மட்டும் பெறும் துணிவைத் தந்தது. 1980 இன் வெற்றி பதின்மூன்று ஆண்டுத் தொழில் அனுபவத்தின் மேலும், விவாதத்தின் மேலும் நின்றது.

அற்ககோற் கூட்டமில்லாத ஒலிபீன்களுக்கு விடை 1990 இல் வந்தது. இலினோயில் ஜேக்கப்சனும், யப்பானின் கியூசூவில் கற்சுக்கியும் ஒருவரையொருவர் சாராது, ஆடிவிம்பச் சமச்சீரற்ற மங்கனீசுச் சாலென் சிக்கல்களை அறிவித்தனர். இங்கே மங்கனீசு ஒட்சோவே கொடையாளி. 1997 இல் அது திணிவு நிறமாலையிற் காணப்பட்டது. பாடநூல்கள் பலவற்றில் 1980 இன் தாக்கம் சார்ப்பிளெசின் பெயரையும், 1990 இன் தாக்கம் ஜேக்கப்சனின் பெயரையும் மட்டும் தாங்குவதும், இரண்டிலும் பங்குகொண்ட கற்சுக்கி இரண்டிலும் மறைவதும் தற்செயல் எனக் கொள்வது கடினம். துணி வெளுக்கும் சோடியம் உபகுளோரைற்றே இத்தாக்கத்துக்கு ஒட்சிசன் அளிக்கப் போதும் என்பது 1991 இல் தெளிவாயிற்று. 1996 இல் அனுமதி பெற்ற எயிட்சு மருந்தாகிய இந்தினாவிருக்கான ஒரு தயாரிப்பு வழியில் இன்டீன் இவ்வாறே எப்பொட்சைட்டாக்கப்பட்டது. ஒட்சியேற்றி மலிவு, உலோகம் மலிவு. மும்மருந்துச் சிகிச்சையின் விலையோ அக்காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலரைத் தாண்டி நின்றது.

புரொப்பிலீனுக்கான கழிவற்ற வழியும் இறுதியில் ஆலையிலிருந்தே வந்தது. 1983 இல் இத்தாலியில் தாரமாசோ, பெறேகோ, நோத்தாரி ஆகியோர் சிலிக்காச் சட்டகத்தினுள் சிறிதளவு தைத்தானியத்தைப் பொதிந்து ரி.எஸ்-1 என்ற திண்மத்தை ஆக்கினர். ஐதரசன் பேரொட்சைட்டுடன் அது புரொப்பிலீனை எப்பொட்சைட்டாக்கும்; உடன்பிறப்பது நீர் மட்டுமே. இவ்வகை ஊக்கியைக் கொண்டு 2008 இல் கொரியாவின் உல்சானிலும், அதனையடுத்துப் பெல்ஜியத்தின் அன்ற்வேப்பிலும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. கண்டுபிடிப்புக்கும் உற்பத்திக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது; ஐதரசன் பேரொட்சைட்டின் விலையும் பழைய ஆலைகளில் முடங்கிய மூலதனமும் இத்தாமதத்தில் வகித்த பங்கு சிறிதன்று. ரி.எஸ்-1 இன் தைத்தானியம் ஓர் ஒட்சோவைத் தாங்கியுள்ளது என்றே முதலில் கருதினர். பின்னர் நிகழ்ந்த எக்சுக்கதிர் அளவீடுகள், அது நான்கு சிலிக்கன்களுடன் ஒட்சிசன் பாலங்களால் இணைந்த தனியணு எனவும், ஒட்சோ அங்கு இல்லை எனவும் காட்டின. அதற்கிடையில் ஊக்கி காப்புரிமை பெற்றிருந்தது.