கார்பன் இழைப் பாகங்களில் இருபக்க வழவழப்பு

கார்பன் இழைத் துணியை எபாக்சிப் பிசினில் தோய்த்து, அச்சின் மேல் அடுக்கி இறுகவிட்டால், அச்சைத் தொட்ட முகம் பளபளவென்று வரும். திறந்திருந்த முகமோ நெசவின் மேடுபள்ளமும் பிசின் திட்டுகளுமாக நிற்கும். கல்லில் பட்ட பக்கம் வழவழப்பாகவும் மேற்பக்கம் துளைதுளையாகவும் வேகும் தோசையைப் போலத்தான் இதுவும். வீட்டுப் பட்டறையில் இரு முகங்களையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திரவப் பிசின் எதைத் தொட்டபடி இறுகுகிறதோ அதன் பரப்பை அப்படியே படியெடுக்கும். மெழுகு தேய்த்த கண்ணாடியைத் தொட்டால் கண்ணாடியின் மழமழப்பு வரும். பின்முகத்தில் போட்டு உரித்தெடுக்கும் நைலான் துணியைத் தொட்டால் அத்துணியின் சொரசொரப்பு வரும். எதையும் தொடாவிட்டால் உள்ளே கிடக்கும் நெசவின் வடிவமே மேலே தெரியும். ஓர் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரோமீட்டர்தான்; ஆனால் பரவலாகக் கிடைக்கும் துணியில் 3,000 இழைகள் சேர்ந்த கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் மேடுபள்ளம் அங்கிருந்து வருகிறது. ஆகவே பின்முகத்தை எது தொடப்போகிறது என்பதைத் துணியை வெட்டும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். இறுகிய பிறகு மிஞ்சுவது தேய்ப்பு வேலை மட்டுமே.

தேய்ப்பு வேலையே பலருக்கும் முதல் வழி. பின்முகத்தைக் கழுவி, 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பிசினை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, 240, 400, 800 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே நீர் விட்டுத் தேய்ப்பார்கள். சில எபாக்சிகள் இறுகும்போது மேலே மெழுகு போன்ற படலம் கசியும். அதை வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு எடுக்காவிட்டால் அடுத்த பூச்சு உரிந்துவிடும். தேய்க்கும்போது இழையில் கை பட்டுவிட்டால் அந்த இடத்தில் கறுப்புத் தூள் வரும். வலிமையும் அழகும் ஒருசேரப் போகும். இந்த வழியின் உண்மையான விலை எடை. 0.3 மில்லிமீட்டர் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 350 கிராம் பிசினை ஏற்றுகிறது. ஓர் அடுக்குத் துணியே 200 கிராம்தான். எடையைக் குறைப்பதற்கென்று கார்பனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எந்த வலிமையும் தராத பிசினை அதைவிடக் கூடுதலாகப் பூசுவது பொருந்தாத செயல். கண்ணுக்கும் காற்றுக்கும் படாத பின்முகத்தைச் சொரசொரப்பாகவே விட்டுவிடலாம். சைக்கிள் மட்கார்டு, அலைச்சறுக்குப் பலகையின் துடுப்பு, காரின் பின்னிறக்கை போன்றவற்றுக்குத்தான் இரு முகமும் தேவை.

தட்டையான தகடு வேண்டுமென்றால் எளிய வழி ஒன்று உண்டு. பாதித் தடிமனில் இரண்டு தகடுகளைக் கண்ணாடி மேல் செய்து, உரிப்புத் துணி விட்ட சொரசொரப்பான முதுகுகளை எபாக்சியால் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவது. ஒட்டுக்கு அந்தச் சொரசொரப்பே நல்ல பிடிமானம். கண்ணாடி பட்ட இரு முகங்களும் வெளியே வந்துவிடும். அடுக்குகள் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒத்திருப்பதால் தகடு முறுக்கிக்கொள்வதும் குறைவு. பெரிய கருவி எதுவும் கேட்காத இந்த முறைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

வெற்றிடப் பை வைத்திருப்பவர்கள் பைக்கும் துணிக்கும் நடுவே ஒரு மேல்தகட்டை வைக்கலாம். அதே கண்ணாடியில் முன்பே வார்த்து மெழுகிட்ட மெல்லிய கண்ணாடியிழைத் தகடு இதற்குப் போதும். பம்பு காற்றை முழுக்க உறிஞ்சினால் வெளிக்காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் சுமையாக அழுத்தும். 30 சென்டிமீட்டர் சதுரத் தகட்டின் மேலேயே 900 கிலோ ஏறும். எவ்வளவு அழுத்தினாலும், காற்றுக்கும் மிகைப் பிசினுக்கும் வெளியேற வழியில்லாவிட்டால் ஊசித்துளைகள் விழும். எனவே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒதுக்கிக்கொண்டு வந்து, விளிம்பைச் சுற்றிக் காற்று போகும் பஞ்சுத் துணிப் பட்டை வைக்க வேண்டும்.

வளைவுள்ள பாகத்துக்கு ஆணும் பெண்ணுமாகப் பொருந்தும் இரட்டை அச்சுதான் முழுமையான விடை. இதில் எல்லாமே இடைவெளிக் கணக்கில் அடங்கியிருக்கிறது. 200 கிராம் துணியில், இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம், கன அளவில் பாதி இழை, பாதி பிசின் என்று கொண்டால் ஓர் அடுக்கு 0.22 மில்லிமீட்டர் ஆகும். 2 மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஒன்பது அடுக்குகள். ஏழு மட்டும் வைத்தால் துணி அச்சை இறுகத் தொடாது; பிசின் குளங்களும் குமிழ்களும் முகத்தில் தெரியும். பதினொன்று வைத்தால் சாதாரணப் பிடிகருவியால் அச்சு மூடாது. இரு அச்சு முகங்களிலும் முதலில் பிசினை மெல்லப் பூசி, அது பிசுபிசுக்கும் நிலைக்கு வந்தபின் துணியை வைத்தால் ஊசித்துளைகள் பெரிதும் குறையும். மூடும்போது அவசரம் கூடாது. மிகைப் பிசின் விளிம்பு வழியே மெதுவாகப் பிதுங்கும்போதுதான் காற்றும் அதோடு வெளியேறும். பக்கச் சுவர்களுக்கு 2 அல்லது 3 பாகை சாய்வு கொடுக்காவிட்டால் பாகம் அச்சைவிட்டு வராது.

துணிக்குப் பதில் நறுக்கிய இழையைத் திணித்து அழுத்தும் முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. லம்போர்கினி நிறுவனம் 2010இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய செஸ்டோ எலமெண்டோ காருக்குப் பின் பளிங்குக் கோலம் போன்ற அந்தத் தோற்றம் பரவலாக அறிமுகமானது. முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்த அச்சுகளை வைத்து வீட்டிலும் இதைச் செய்கிறார்கள். அச்சின் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து மூடாவிட்டால் அவை அத்தனையும் பாகத்தில் பதியும். பிஎல்ஏ நெகிழி 60 பாகை செல்சியசை ஒட்டி இளகுவதால், தடித்த பாகத்தில் பிசின் கக்கும் வெப்பமே அச்சைக் கோணலாக்கிவிடக்கூடும். குழாய்களின் உட்புறத்துக்கு வேறு வழி: உள்ளே ஊதும் பையோ சிலிக்கோன் ரப்பர் தண்டோ துணியை வெளி அச்சோடு அழுத்தும்.

அச்சைவிட்டு எடுத்தபோது குறையற்றிருந்த முகத்திலும் சில வாரங்களில் நெசவு எழும்பித் தெரிவதுண்டு. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கறுப்புப் பாகம் அந்த வெப்பத்தை எளிதில் தாண்டும். அதனால் பாகத்தை அச்சிலேயே வைத்து, பிசினுக்கு உரிய அட்டவணைப்படி, வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, பொதுவாக 60 முதல் 80 பாகையில் சில மணி நேரம் பதப்படுத்த வேண்டும். புற ஊதாக் கதிரில் எபாக்சி மஞ்சளாகும் என்பதால், வெளியில் நிற்கும் பாகத்துக்குக் கதிர்த்தடுப்புள்ள பாலியூரிதேன் கிளியர் கோட் மேலே வர வேண்டும்.

இறுகாத எபாக்சி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்தால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். நைட்ரைல் கையுறை இல்லாமல் பிசினைத் தொடக்கூடாது. கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதோடு மின்சாரத்தையும் கடத்தும். உலர்வாகத் தேய்த்தால் அத்தூள் பறந்துபோய் அருகிலுள்ள கணினிக்குள்ளும் மின்கருவிகளுக்குள்ளும் படிந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கக்கூடும். நீர் விட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியில் துடைத்து எடுத்துவிட வேண்டும்.