இந்த ஜீப்புக்கு அப்பா யாரு?

1/ பழைய ஜீப் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் "இது உலகப்போர் காலத்து வில்லிஸ் சார், ஒரிஜினல்"னுதான் சொல்வாங்க. குனிஞ்சு பாத்தா பல வண்டி மஹிந்திராவா இருக்கும். நிஜமான போர்க்கால ஜீப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதைத் தேடிப் போனா, ஜீப்பைப் பெத்தது யாருங்கிற பெரிய வழக்குல போய் நிப்போம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ எம்பிபிஎஸ்ல தடய மருத்துவம்னு ஒரு பாடம். அதுல ஆளை அடையாளம் காண்றதுக்குன்னே தனி அத்தியாயம் உண்டு. அதோட சாரம் இதுதான்: சட்டைப்பையில இருக்கிற அட்டையை மட்டும் நம்பாதே, உடம்பைப் பார். ஜீப்புக்கும் அதே விதி. டேஷ்போர்டுல இருக்கிற பெயர்த் தகடு வெறும் சட்டைப்பை அட்டை. புதுசா அச்சடிச்ச தகடு இன்னைக்கும் விலைக்குக் கிடைக்குது. எலும்புன்னா அது சேஸிஸ்தான்.

3/ முதல் சல்லடை: ராணுவ வண்டியா, சிவில் வண்டியா?
போர்க்கால ஜீப்புல முன் கிரில்லில் 9 பிளவு. 1945-ல வந்த சிவில் மாடல் சிஜே-2ஏ-ல 7 தான். ராணுவ வண்டியோட ஹெட்லைட் சின்னது, கிரில்லுக்குப் பின்னால உள்வாங்கி இருக்கும். பானெட்டைத் திறந்து அதைப் பின்னால திருப்பினா இஞ்சின் மேல வெளிச்சம் விழும், ராத்திரி ரிப்பேருக்கு. பின்பக்கம் திறக்கிற கதவும் ராணுவ வண்டிக்குக் கிடையாது.

4/ பானெட் உயரமா, பெட்டி மாதிரி எழும்பி நின்னா அது சிஜே-3பி குடும்பம். 1953-ல வந்தது. புது இஞ்சின்ல இன்டேக் வால்வு மேல போனதால இஞ்சின் உயரம் கூடிச்சு, அதுக்காக பானெட்டையும் தூக்கினாங்க. நம்ம ஊர் மஹிந்திரா ஜீப்போட முகம் இதுதான். அழகான வண்டி, ஆனா உலகப்போரைப் பாத்ததில்லை.

5/ சரி, ராணுவ வண்டின்னு உறுதியாச்சு. வில்லிஸா, ஃபோர்டா?
போர்ல இந்த ஜீப்பை ரெண்டு கம்பெனி செஞ்சது. வில்லிஸ் சுமார் 3.6 லட்சம், பேரு எம்பி. ஃபோர்டு சுமார் 2.8 லட்சம், பேரு ஜிபிடபிள்யூ. அந்த கடைசி டபிள்யூ வில்லிஸைக் குறிக்கும். அதாவது வில்லிஸ் வரைபடத்தை வச்சு ஃபோர்டு செஞ்சது. ஒண்ணோட பாகம் இன்னொண்ணுல பொருந்தணும்ங்கிறதுதான் ராணுவத்தோட நிபந்தனை. நமக்குத் தலைவலி அங்கதான் ஆரம்பம்.

6/ கீழ படுத்து ரேடியேட்டருக்கு அடியில பாருங்க. சேஸிஸோட ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற குறுக்குச் சட்டம் இருக்கும். உருண்டைக் குழாயா இருந்தா வில்லிஸ். கவிழ்த்த ப மாதிரி தட்டையா இருந்தா ஃபோர்டு. ஆணா பெண்ணான்னு இடுப்பெலும்பைப் பாத்துச் சொல்ற மாதிரி இது.

7/ அடுத்தது போல்ட். ஃபோர்டு தன்னோட போல்ட் தலையில, பிராக்கெட்ல, சின்னச் சின்ன பாகத்துல கூட எஃப் எழுத்தைக் குத்தி வச்சிருக்கும். ஆனா எஃப் போட்ட போல்ட் நாலு கிடைச்சதுக்காக வண்டியே ஃபோர்டு ஆகாது. போர்க்களத்துல கைக்குக் கிடைச்சதை மாட்டி ஓட்டினாங்க. எத்தனை இடத்துல, யாரும் கழட்டவே தேவையில்லாத இடத்துல இருக்கான்னு பாக்கணும்.

8/ நம்பர் எங்க இருக்கு? வில்லிஸ்ல, இடது சேஸிஸ் சட்டத்தோட உள்பக்கம், முன் பம்பருக்குப் பின்னால ஒரு சின்னத் தகடு. ஃபோர்டுல, இடது சட்டத்து மேலேயே, இஞ்சின் பக்கத்துல நேரடியா குத்தியிருக்கும். இஞ்சின் நம்பரை வச்சு முடிவு கட்டாதீங்க. ராணுவப் பணிமனையில இஞ்சினைக் கழட்டி வேற வண்டில போடறது அன்றாட வேலை. மாற்று உறுப்பை வச்சு ஆளோட வம்சத்தைச் சொல்ல முடியுமா?

9/ பாடி இன்னும் குழப்பும். போரோட பிற்பகுதியில வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் ஒரே கம்பெனிதான் பாடி செஞ்சு கொடுத்தது, இண்டியானாவுல. அதனால 1944-45 வண்டில பாடியை மட்டும் பாத்து அப்பாவைச் சொல்ல முடியாது. திரும்பவும் எலும்புக்குத்தான் வரணும்.

10/ தோல் ஒரு தனி சாட்சி. பெயின்ட்டை மொத்தமா மணல் அடிச்சு எடுத்துட்டா கதை முடிஞ்சது. நைசான தாள்ல தண்ணி விட்டு ஒவ்வொரு அடுக்கா தேய்ச்சா, அடியில வெள்ளை நட்சத்திரம் வரும், பானெட்டோரத்துல 20-ல ஆரம்பிக்கிற பதிவு எண் வரும். கால் டன் வண்டிக்கு அமெரிக்க ராணுவம் கொடுத்த வரிசை அது. ஒரு வண்டியோட வாழ்க்கை வரலாறு அரை மில்லிமீட்டர்ல அடங்கியிருக்கு.

11/ இப்போ முக்கியமான இடம்: மாத்தியமைச்ச வண்டிகள். பர்மா போர்முனையில ஜீப்ல ஸ்ட்ரெச்சர் சட்டம் மாட்டி ஆம்புலன்ஸா ஓட்டினாங்க. டயருக்குப் பதிலா ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்துல பெட்டி இழுக்க விட்டாங்க. லாரி போக முடியாத சேத்துல அடிபட்டவனை வெளிய கொண்டு வந்தது இந்த வண்டிதான். இன்னைக்கு ஒரு பழைய ஜீப்ல காரணம் புரியாத நாலு ஓட்டை, அடைச்ச வெல்டிங், கூடுதல் பிராக்கெட் இருந்தா, அது குறையா இருக்கணும்னு இல்லை. பழைய தழும்பா இருக்கலாம்.

12/ இந்தியாவுக்கு ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. 1948-ல காஷ்மீர் சண்டைக்காக, லண்டன்ல தூதரா இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழியா, புதுப்பிச்ச பழைய ஜீப் 2,000 வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. 1949-ல மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினது 155 தான். அதுவும் உபயோகத்துக்கு லாயக்கில்லைன்னு ராணுவம் சொல்லிடுச்சு. சுதந்திர இந்தியாவோட முதல் பெரிய ஊழல் சர்ச்சைகள்ல ஒண்ணு. "புதுப்பிச்சது"ங்கிற வார்த்தைக்குள்ள என்ன வேணா ஒளிஞ்சிருக்கலாம்.

13/ சரி, தலைப்புக் கேள்விக்கு வரேன். வில்லிஸும் ஃபோர்டும் செஞ்சாங்க. பெத்தது யாரு?
ஜூலை 1940. அமெரிக்க ராணுவம் சின்ன நாலு சக்கர இழுவை வண்டி கேட்டு 135 கம்பெனிக்கு எழுதிச்சு. முதல் மாதிரிக்குக் கெடு 49 நாள். அந்தக் கெடுவை ஒத்துக்கிட்டு நின்னது ஒரே ஒரு கம்பெனி: பென்சில்வேனியாவுல பட்லர் ஊர்ல இருந்த அமெரிக்கன் பேன்டம். கிட்டத்தட்ட திவாலான நிலைமை அவங்களுக்கு.

14/ பேன்டம் கூப்பிட்டது கார்ல் ப்ராப்ஸ்ட்ங்கிற டெட்ராய்ட் இஞ்சினியரை. ரெண்டே நாள்ல வண்டியோட வரைபடத்தை முடிச்சார். செப்டம்பர் 23, பால்டிமோர் பக்கத்து ஹோலபேர்ட் ராணுவ முகாம். கெடு சாயங்காலம் 5 மணி. வண்டி வாசல்ல நுழைஞ்சது 4.30-க்கு. ஓட்டிட்டு வந்தவங்கள்ல ப்ராப்ஸ்ட்டும் ஒருத்தர்.

15/ அதுக்கப்புறம் நடந்ததுதான் வேதனை. பேன்டம் வண்டியை வில்லிஸ், ஃபோர்டு ஆட்கள் நின்னு பாக்க ராணுவம் விட்டது. வரைபடங்களையும் கொடுத்தது. சின்னக் கம்பெனியால போருக்கு வேணும்ங்கிற எண்ணிக்கையைக் கொடுக்க முடியாதுங்கிறது ராணுவத்தோட பயம். அது முழுக்கத் தப்புன்னும் சொல்ல முடியாது. வில்லிஸோட 60 குதிரைத்திறன் இஞ்சின் மத்த ரெண்டையும் விட வலுவானதுங்கிறதும் உண்மை. 1941-ல பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போச்சு. பேன்டம் மொத்தமா செஞ்சது 2,700-க்குப் பக்கம்தான். போர் முழுக்க ஜீப் இழுக்கிற டிரெய்லர் செஞ்சு காலம் தள்ளிச்சு. பெத்தவ, பிள்ளைக்குப் பின்னால வண்டி இழுத்த கதை.

16/ போருக்கு நடுவுலயே வில்லிஸ் "ஜீப்பைப் படைச்சது நாங்க"ன்னு விளம்பரம் பண்ணிச்சு. அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 1943-ல வழக்குப் போட்டது. 1948-ல தீர்ப்பு: ஜீப்புங்கிற யோசனை ராணுவ அதிகாரிகளோட சேர்ந்து பேன்டம் உருவாக்கினது, வில்லிஸ் அப்படி விளம்பரம் பண்ணக் கூடாது. பேன்டம் ஜெயிச்சது. ஆனா 1950-ல ஜீப்ங்கிற பேரோட டிரேட்மார்க் வில்லிஸுக்கே போச்சு.

17/ இன்னொரு வேடிக்கை. ஜீப்போட முகம்னு உலகமே அடையாளம் சொல்ற அந்த அச்சடிச்ச பிளவு கிரில் இருக்கே, அது ஃபோர்டு செஞ்சது. வில்லிஸ் ஆரம்பத்துல கம்பியைப் பத்தவச்சுதான் கிரில் பண்ணிட்டிருந்தது. ஆக யோசனை பேன்டத்தோடது, இஞ்சின் வில்லிஸோடது, முகம் ஃபோர்டோடது. பேர் வில்லிஸுக்கு.

18/ பேன்டம்தான் முன்னோடின்னு இன்னைக்கு நாம சொல்ல முடியுதுன்னா ஆவணங்கள் இருக்கு, சில ஆரம்பகால வண்டிகள் தப்பிப் பிழைச்சிருக்கு. ஏழாவது பேன்டம் வண்டி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தோட சேகரிப்புல இருக்கு. அதை யாராவது "ரெஸ்டோர்" பண்றேன்னு வில்லிஸ் மாதிரி மாத்தியிருந்தா ஒரு பெரிய சாட்சி செத்திருக்கும்.

19/ அதனால வீட்டுல, தோட்டத்துல, தாத்தா காலத்து ஜீப் ஒண்ணு நிக்குதுன்னா, பெயின்ட் கடைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்குங்க. டார்ச் எடுத்துட்டு அடியில போங்க. குறுக்குச் சட்டம், சேஸிஸ் நம்பர், போல்ட் தலை, தேவையில்லாத ஓட்டை எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. ஒட்டு வேலையை வெட்டி எறியறது பத்து நிமிஷ வேலை. திரும்ப ஒட்ட முடியாது.

மஹிந்திராவா இருந்தாலும் வருத்தப்படாதீங்க. அதுக்கும் ஒரு சொந்தக் கதை இருக்கும்.