செய்தலும் செய்வித்தலும்: சாமுண்டராயரின் தலைமை நெறி

சிரவணபெளகொளவில் விந்தியகிரியின் உச்சியில் நிற்கும் பாகுபலி சுவாமியின் திருவடிகளை அடுத்து, சில சொற்களே கொண்ட சிறு கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று தமிழில் உள்ளது. கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து பொறிக்கப்பட்ட அந்த வாசகம், சாமுண்டராசன் இத்திருவுருவத்தைச் ‘செய்வித்தான்’ என்று கூறி முடிகிறது. அங்குள்ள கன்னட, மராத்தி வாசகங்களும் இதே பொருளைத் தருகின்றன. மூன்று மொழியிலும் வினைச்சொல் பிறவினையாகவே அமைந்துள்ளது. ‘செய்தான்’ என்று எம்மொழியிலும் எழுதப்படவில்லை.

சமண அறத்தில் இவ்வேறுபாடு இலக்கண அளவில் நின்றுவிடுவதன்று. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், வினை உயிரை வந்தடையும் வாயில்களை வகுக்கும்போது செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. முனைதல், கருவி திரட்டல், தொடங்குதல் என்னும் மூன்று நிலைகள். மனம், மொழி, மெய் என்னும் மூன்று. செய்தல் முதலிய மூன்று. சினம், செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கசாயங்கள். இவற்றைப் பெருக்க 108 வகை ஆகும். ஆணையிட்டவன் கையால் செய்யவில்லை என்பதனால் வினையினின்றும் விடுபடான். தலைமை ஏற்பவர் அனைவரும் சிந்திக்க வேண்டிய இக்கருத்தைச் சாமுண்டராயரின் வாழ்வு தெளிவாக விளக்குகிறது.

சாமுண்டராயர் பத்தாம் நூற்றாண்டில் மேலைக் கங்க அரசின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர். மாரசிம்மன், இராசமல்லன் ஆகிய மன்னர்களுக்குத் தொண்டாற்றியவர். அவர் காலம் அமைதியான காலமன்று. கங்கர்களுக்கு உறுதுணையாயிருந்த இராட்டிரகூடப் பேரரசு 973-இல் வீழ்ந்தது. மாரசிம்மன் அரசு துறந்து, அஜிதசேன ஆச்சாரியரின் திருவடி நிழலில் சல்லேகனை நோற்று உயிர் நீத்தார். அதன்பின் எழுந்த குழப்பத்தினூடே கங்க அரியணையைக் காத்து நிறுத்திய பெரும்பொறுப்பு சாமுண்டராயர் தோளில் விழுந்தது. சமரதுரந்தரர், வீரமார்த்தாண்டர் முதலிய விருதுப்பெயர்கள் அவர் போர்க்களத்தில் ஈட்டியவை. பொய்யாமை பற்றிச் சத்திய யுதிட்டிரர் என்ற பெயரும் அவருக்கு வழங்கியது.

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சிராவகர் ஒருவர் படை நடத்தியது எவ்வாறு பொருந்தும் என்ற வினா எழுவது இயல்பு. இல்லறத்தார் வாழ்வில் நேரும் இம்சையைச் சமண நூலோர் ஆரம்பி, உத்தியோகி, விரோதி, சங்கல்பி என நான்காகப் பகுப்பர். கொல்ல வேண்டும் என்று கருதியே செய்யும் சங்கல்பி இம்சையை இல்லறத்தாரும் அறவே விலக்க வேண்டும். நாட்டையும் மக்களையும் காக்கும்போது நேரும் விரோதி இம்சையை அவர்களால் முற்றும் விலக்க இயலாது; ஆயினும் அதன் வினை இல்லாமற் போவதில்லை. களத்தில் வாள் வீசிய வீரனுக்கு உள்ள பொறுப்பு, வீசுவித்த தலைவருக்கும் உண்டு. திருவுருவத்தின் புண்ணியத்தைச் சாமுண்டராயருக்கு உரியதாக்கும் அதே சொல், போரின் சுமையையும் அவர் மீதே ஏற்றுகிறது.

இதனை உணர்ந்தவர் போலவே அவர் தம் ஓய்வைச் செலவிட்டார். பிறரிடம் ஒப்படைக்க இயலாத பணி எதுவென்று தெரிந்து, அதனைத் தாமே மேற்கொண்டார். தம்மைத் திருத்திக்கொள்ளும் கல்வியே அப்பணி. அஜிதசேனரிடமும் நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்தியிடமும் அவர் மாணாக்கராய் அமர்ந்தார். அவர் பொருட்டே நேமிச்சந்திரர் கோம்மடசாரத்தை இயற்றினார். கோம்மடர் என்பது சாமுண்டராயருக்கு வழங்கிய பெயரே. அறுபத்து மூன்று சலாகா புருடர்களின் வரலாற்றை அவர் 978-இல் கன்னட உரைநடையில் எழுதி முடித்தார். சாமுண்டராய புராணம் என வழங்கும் அந்நூல் கன்னட உரைநடையின் தொன்மையான படைப்புகளுள் ஒன்று. வடமொழியில் அவர் இயற்றிய சாரித்ரசாரம், இல்லறத்தார்க்கும் துறவியர்க்கும் உரிய ஒழுக்கத்தை விளக்குகிறது. பொருள் கொடுத்துப் புலவரைக் கொண்டு இவற்றை எழுதுவித்திருக்கலாம். அவர் எழுதுகோலைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

உளியை அவ்வாறு வைத்துக்கொள்ளவில்லை. ஏறத்தாழ 58 அடி உயரமுள்ள அத்திருவுருவம், மலையுச்சிப் பாறையிலேயே வடக்கு நோக்கிச் செதுக்கப்பட்டது. கால்களை ஒட்டிய புற்றுகளும் அவற்றினின்றும் வெளிப்படும் பாம்புகளும் தொடைவரை பின்புறத்துக்குத் துணை நிற்கின்றன. அதற்கு மேல் உருவம் தாங்குவாரின்றித் தனித்து நிற்கிறது. கல்லிலிருந்து ஒரு முறை பெயர்த்ததை மீண்டும் ஒட்ட இயலாது. இத்தகைய பணியில் அளவும் ஆழமும் அறிந்தவர் சிற்பியரே. பொருள் அளிப்பவர் நாள்தோறும் குறுக்கிட்டிருந்தால் அம்முகத்தில் அத்தகைய அமைதி பிறந்திருக்குமோ என்பது ஐயமே.

இத்திருவுருவம் எழுந்ததற்குரிய வேட்கையும் அவருடையது மட்டுமன்று. பௌதனபுரத்தில் பரதர் எழுப்பிய பாகுபலி உருவத்தைக் காணாமல் பாலருந்துவதில்லை என்று அவர் அன்னை காளலாதேவி நோன்பு கொண்டதாகவும், அதன் பயனாகவே இவ்வுருவம் தோன்றியதாகவும் மரபு கூறுகிறது. நோக்கம் அன்னை தந்தது. வழி ஆச்சாரியர் காட்டியது. வடிவம் சிற்பியர் அளித்தது. இம்மூன்றையும் இணைத்து, போர்கள் சூழ்ந்த அந்நாளில் பணி தடைப்படாமல் காத்ததே தலைவரின் பங்கு. 981 அளவில் அது நிறைவேறியது எனப் பெரும்பாலோர் கொள்வர்.

நிறைவேறிய பின்னரே அவருக்குக் கடுமையான சோதனை வந்தது என்கிறது மற்றொரு மரபு. முதல் திருமுழுக்கின்போது சாமுண்டராயர் குடம் குடமாகப் பால் சொரிந்தும் அது சுவாமியின் திருமேனி முழுவதையும் நனைக்கவில்லை. ஏழை மூதாட்டி ஒருத்தி சிறு காய்க்குடுவையில் கொணர்ந்த பால், முடி முதல் அடி வரை வழிந்தோடியது. ‘இதனைச் செய்வித்தவன் நான்’ என்னும் செருக்கு உள்ளத்தில் நுழைந்ததே காரணம் என்று அவர் உணர்ந்தாராம். குள்ளகாயஜ்ஜி எனப்படும் அம்மூதாட்டியின் சிலை இன்றும் சுவாமிக்கு எதிரே நிற்கிறது. நான்கு கசாயங்களுள் ஒன்றான செருக்கு, செய்பவரைவிடச் செய்விப்பவரையே எளிதிற் பற்றும் என்பதற்கு இக்கதை எச்சரிக்கை.

அதே மலையில் உள்ள தியாகத பிரமதேவர் தூணில் சாமுண்டராயரின் வீரச்செயல்களை விரித்துரைக்கும் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் ஹெக்கடெ கண்ணன் என்பவர் தம் சிறு கல்வெட்டைப் பொறிப்பதற்காக அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டார். வெற்றிகளை உரைத்த நீண்ட எழுத்து மறைந்தது. திருவடியருகே உள்ள சிறு வாசகம் நிலைத்தது. பின்னர் ஹொய்சளத் தளபதி கங்கராசர், சுவாமியைச் சுற்றிய திருச்சுற்றாலையை எழுப்பியபோது அவரும் ‘செய்வித்தார்’ என்றே பொறித்தார்.

இன்று தமிழகத்துச் சமணச் சிற்றூர்களில் ஜினாலயத் திருப்பணி நடத்தும் அறங்காவலர் ஒவ்வொருவரும் இச்சொல்லுக்கு உரியவரே. சுதையும் கல்லும் அறிந்த தபதியின் பணியில் குறுக்கிடாதிருத்தலும், கணக்கையும் ஒழுக்கத்தையும் பிறர் பொறுப்பென்று விட்டுவிடாதிருத்தலும் அவர்தம் கடமை. பணியில் பிழை நேரின் அதிலும் தமக்குப் பங்குண்டு என்று ஏற்பவரே, ‘செய்வித்தார்’ என்ற சொல்லைத் தம் பெயருடன் சேர்த்துக்கொள்ளத் தக்கவராவர்.