மண்முனைத்துறையும் இன்சுலினும்

மட்டக்களப்பு வாவியின் கீழைக்கரையை எழுவான்கரை என்றும், மேலைக்கரையைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், காத்தான்குடிக்குத் தெற்கே அமைந்த ஊர் ஆரையம்பதி. அதனை அடுத்த மண்முனைத்துறையில் 2014ஆம் ஆண்டு ஜப்பானிய உதவியுடன் பாலம் அமைந்து திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வைத்தியரை நாடி வருவோர் ‘பாதை’ எனப்படும் மிதவையிலேறி வாவியைக் கடந்தனர். வைத்தியர் ஒரு கரையிலும் நோயாளி மறு கரையிலும் இருக்க, மருந்து முறைப்படியும் பழுதின்றியும் சென்று சேர்வது எங்ஙனம்? இவ்வினா வாவிக்கு மட்டும் உரியதன்று. நீரிழிவுக்கு, அதாவது ஊரார் சொல்லும் ‘சீனி வருத்தத்’துக்கு, இன்சுலின் மருந்தான நாள்தொட்டே இது உலகெங்கும் எழுந்துள்ளது.

இன்சுலின் ஒரு பெப்தைட்டு. அமினோ அமிலங்கள் ஐம்பத்தொன்று, மாலையில் மணி கோத்தாற்போல, இரு சரங்களாய் இணைந்தது. அதன் அமைப்பை வகுத்துக் காட்டிய பிரெடரிக் சாங்கர் 1958இல் நோபல் பரிசு பெற்றார். இத்தகைய பொருளை விழுங்கினால் இரைப்பையும் குடலும் அதனைச் சோற்றுப் புரதம்போலவே செரித்துவிடும். ஆதலால் ஊசி வேண்டும். ஊசி என்றதுமே தூய்மையும் அளவும் உயிர்ப் பிரச்சினைகளாகின்றன.

கனடாவின் ரொறன்ரோ நகரில் இது முதன்முதலாகப் புலப்பட்டது. 1921ஆம் ஆண்டுக் கோடையில் பான்ரிங், பெஸ்ற் ஆகிய இருவரும் நாயின் கணையத்திலிருந்து சாறு எடுத்து ஆராய்ந்தனர். 1922 சனவரி 11ஆந் திகதி லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு ஏற்றப்பட்டது. பயன் சிறிதே, ஊசி குத்திய இடமோ சீழ்க்கட்டியாயிற்று. மருந்து பொய்யன்று, மாசுதான் பகை என உணர்ந்த கொலிப் என்னும் இரசாயன அறிஞர் அதனைத் தூய்மை செய்தார். பன்னிரண்டு நாட்களின் பின் மீண்டும் ஏற்றியபோது சிறுவன் தேறினான். கதை இங்கே முடியவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பெருமளவிற் செய்யப் புகுந்ததும் கொலிப்புக்கே அந்தப் பக்குவம் கைவிட்டுப் போயிற்று. சில மாதங்கள் மருந்து கிடையாமல் நோயாளிகள் தவித்தனர். ஒரு குப்பியில் இருந்த வலிமை மறு குப்பியில் இல்லை. குறைந்தாற் பயனில்லை, மிகுந்தால் இரத்தத்திற் சீனி மிக இறங்கி நோயாளி மயங்கி விழுவான்.

அதனாலேயே அம்மூவரும் தத்தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலர் விலைக்குப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். இதனை வெறும் ஈகையெனப் புகழ்வோர் அதன் மறுபாதியைக் காண்பதில்லை. உரிமை பல்கலைக்கழகத்தின் கையில் இருந்ததால், தரம் சோதிக்கப்படாத மருந்து விற்பனைக்கு வரவொட்டாமல் தடுக்க அதனால் இயன்றது. 1923இல் நாடுகளின் சங்கத்தின் சார்பில் எடின்பரோவிற் கூடிய அறிஞர்கள் இன்சுலினின் ‘அலகு’ இன்னதென வரையறுத்தனர். 1925இல் பிரித்தானியா சட்டமியற்றி, இன்சுலினையும் தடுப்புமருந்துகளையும் உரிமம் பெற்றோரே செய்யலாம் என்றது. மருந்தின் வலிமைக்கு அரசு பொறுப்பேற்றது இவ்வாறே.

இலங்கையில் இப்பொறுப்பை நிலைநிறுத்த உழைத்தவர்களுள் முதல்வராகப் பேராசிரியர் சேனக்க பிபிலேயைக் குறிப்பிடல் தகும். 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் மருந்தின் பதிவையும் இறக்குமதியையும் விற்பனையையும் ஒழுங்குசெய்தன. பின்னைய சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பட்டது.

மருத்துவ ஆலோசனை தொலைவு கடந்தது பிற்காலத்தது. தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கே சூனாம்பேட்டைச் சூழ்ந்த 42 கிராமங்களில் 2006இல் ஒரு முயற்சி தொடங்கிற்று. ஊர்தியொன்று ஊரூராய்ச் சென்று நீரிழிவைச் சோதித்தது. கண்ணின் விழித்திரைப் படங்கள் செய்மதி வழியே சென்னை வைத்தியருக்குச் சென்றன. ஆயினும் அவ்வூரிலேயே ஒரு சிகிச்சை நிலையமும் கட்டினர் என்பது நோக்கற்பாலது. படத்தைச் செய்மதி கொண்டுபோகும். ஊசி போடப் பழக்குவதற்கு ஆள் வேண்டுமே.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது இலங்கையில் ஊரடங்கு அமுலில் இருக்க, கிளினிக் கொப்பி வைத்திருந்தோரின் மருந்துகள் தபால் வழியே வீடுகளுக்குச் சென்றன. அதே ஆண்டு மார்ச்சு 25ஆந் திகதி இந்தியா தொலைமருத்துவத்துக்கு நெறிமுறை வகுத்தது. வைத்தியரும் நோயாளியும் ஒருவர்க்கொருவர் தம்மை அடையாளம் காட்டல் வேண்டும். மருந்துச் சிட்டையில் வைத்தியரின் பதிவிலக்கம் இருத்தல் வேண்டும். போதைமருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித்தரல் ஆகாது என்பன அவற்றுட் சில.

இன்று இன்சுலினுக்குத் துணையாகப் புதிய பெப்தைட்டுகள் பல வந்துள்ளன. அவற்றுள் ஒன்று, 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அந்நாட்டு நச்சுப்பல்லியொன்றின் உமிழ்நீரை ஆராய்ந்ததில் விளைந்தது! உடற்பருமன் குறைக்கும் செமகுளூடைட்டு என்பதற்கு வேட்கை மிகவே, போலியும் பெருகிற்று. 2023இல் பிறேசிலிலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அகப்பட்ட போலிகளைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024 யூனில் எச்சரித்தது. அத்தகைய போலியில் அறிவிக்கப்படாத இன்சுலினே கலந்திருக்கக்கூடும் என்றும் அது கூறிற்று. மெலிய விரும்பி ஊசியிட்டுக்கொண்டவருக்கு என்ன நேரும் என்பதை ரொறன்ரோ வைத்தியர்கள் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தனர். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என எழுதி விற்கப்படும் குப்பிகளுக்கோ அலகுமில்லை, அதிகாரசபையின் பதிவுமில்லை, பொறுப்பேற்பவருமில்லை.

படுவான்கரையில் இருப்பவர் கைத்தொலைபேசியில் வைத்தியருடன் பேசுவதற்குப் பாதையும் வேண்டாம், பாலமும் வேண்டாம். பதிவுபெற்ற வைத்தியரின் சிட்டையைப் பதிவுபெற்ற மருந்தாளரிடம் காட்டிப் பெற்ற குப்பியோ பாலத்தின்மேலேதான் வந்தாகவேண்டும். திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருத்தல் வேண்டும். பனிக்கட்டியில் நேரே பட்டு உறைந்துவிட்டால் பின்பு உருகினாலும் அதனை எறிந்துவிட வேண்டியதுதான். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், நீர்புகா உறையிலிட்டு ஈரமணலில் அமர்த்திய மண்முட்டியினுள் வைப்பர். பயன்பாட்டிலுள்ள குப்பி பெரும்பாலும் நான்கு கிழமைக்குத் தாங்கும். திறந்த திகதியைக் குப்பியின்மேல் எழுதிவைப்பது வழக்கம்.