வளவு

அயோத்தியாப்பட்டணத்துக்குப் பெயர் தந்தது இராமர் கதை. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் அவர் தங்கிய இடம் என்கிறது கோதண்டராமர் கோயிலின் தலபுராணம். சேலத்துக்குக் கிழக்கே விருத்தாசலம் ரயில் பாதையில் இருக்கும் பேரூராட்சி இது. பெருஞ்சாலையை விட்டு உள்ளே போனால் புராணம் எதுவும் இல்லாத பெயர்கள் வரும்: காட்டுவளவு, மேட்டுவளவு. சேலம் மாவட்டத்தில் எத்தனை காட்டுவளவுகள் இருக்கின்றன என்று எண்ணி மாளாது.

இங்கே காடு என்றால் வனம் இல்லை, புன்செய் நிலம். சோளமும் கடலையும் விளையும் செம்மண். மழை குறைந்த சமவெளியில் கிணறுதான் பிழைப்பு. கவலை ஏற்றத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் விடியுமுன்பே வேலை தொடங்க வேண்டும். ஊருக்குள் குடியிருந்துகொண்டு அது நடக்காது. அதனால் குடும்பம் காட்டுக்கே குடிபெயர்ந்தது. முதலில் ஒரு கொட்டாய். பிறகு பங்காளிகள் பக்கத்தில் வீடு கட்டினார்கள். சுற்றிலும் முள்வேலியோ கிளுவை வேலியோ எழுந்தது. இப்படி வளைத்துக் கட்டிய இடமே வளவு. வளை என்னும் வினையிலிருந்து சொல் பிறந்ததாகக் கொள்வதே பொருந்துகிறது.

யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வீடும் அதைச் சூழ்ந்த காணியும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பைத் தாண்டியதும் வரும் நடுமுற்றப் பகுதி வளவு. சிங்களத்தில் பெருங்குடியினரின் மாளிகைக்கு வளவ்வ என்று பெயர். இந்த இடங்களில் ஒரு வீட்டோடு நின்றுவிட்ட சொல், சேலத்தில் பல வீடுகளைச் சேர்த்து ஒரு குடியிருப்பாக வளர்ந்தது. “நீங்க எந்த வளவுங்க?” என்ற கேள்விக்குள் குடும்பம், கிணறு, காடு எல்லாம் அடங்கிவிடும்.

அரசு ஆவணம் வளவைக் குக்கிராமம் என்கிறது. எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. குதர்க்கம், குயுக்தி ஆகியவற்றில் வரும் அதே வடமொழி முன்னொட்டுதான் அதிலும் இருக்கிறது. இழிவும் சிறுமையும் குறிப்பது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குள் குடியிருப்புகள் 79,000க்கும் மேல். தனி ஊராட்சி இல்லாததால் சாலையும் குடிநீரும் பெரும்பாலும் தாய்க்கிராமத்தோடு நின்றுவிட்டன. 2011-இல் வந்த தமிழக அரசின் ‘தாய்’ திட்டம்தான் ஊராட்சியை விட்டுக் குடியிருப்பை அலகாக எடுத்து நிதி ஒதுக்கியது. கணக்கில் இடம் கொடுத்தவர்கள் பெயரிலும் மதிப்புக் கொடுத்திருக்கலாம்.

மின்மோட்டார் வந்து கவலை மாடுகள் போன பின்னும் வளவுகள் கலையவில்லை. இப்போது சேலம் கிழக்கே நீள்கிறது. காடுகள் வீட்டுமனைகளாகின்றன, மனைப்பிரிவுகள் ‘நகர்’ என்று பெயர் சூட்டிக்கொள்கின்றன. அனுமதி தரும் அலுவலகங்கள் ஒரு நிபந்தனை விதிக்கலாம்: அந்த நிலத்தில் இருந்த வளவின் பெயர் புதிய தெரு ஒன்றுக்காவது வைக்கப்பட வேண்டும்.