சிறு வினையும் அதன் துணையும்



ஆங்கிலம் கற்கப் புகும் தமிழர் அம்மொழியின் நீண்ட சொற்களைக் கண்டு அஞ்சுவது வழக்கம். உண்மையில் அஞ்சத்தக்கவை அவை அல்ல. 'போஸ்ட்போன்' என்னும் சொல்லை ஒருமுறை அகராதியில் பார்த்துவிட்டால் போதும். ஒத்திவைத்தல் என்ற பொருளோடு அது நம் நினைவில் தங்கிவிடும். அதே பொருளைத் தரும் 'புட் ஆஃப்' என்பதோ அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. கூட்டத்தை ஒத்திவைப்பதும் 'புட் ஆஃப்'. விளக்கை அணைப்பதும் 'புட் ஆஃப்'. கடனைக் கேட்டு வந்தவரைச் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் 'புட் ஆஃப்'. ஒரு பண்டத்தின்மேல் வெறுப்புத் தோன்றச் செய்வதும் 'புட் ஆஃப்'. 'புட்' என்பதற்கு வைத்தல் என்றும் 'ஆஃப்' என்பதற்கு அப்பால் என்றும் பொருள் அறிந்தவர்க்கும் இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன விளையும் என்பது விளங்குவதில்லை. இவ்வாறு ஒரு சிறு வினையும் ஒரு சிறு துணைச்சொல்லும் கூடிப் புதுப்பொருள் தருவதை நாம் கூட்டுவினை என்று அழைப்போம். அதன் வரலாற்றை அறிந்துகொண்டால் அதனைக் கற்கும் வழியும் ஓரளவு தெளிவாகும்.

இது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய கவலை அன்று. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், டாலிகஞ்ச் போன்ற பகுதிகளில் வாழும் தமிழரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் வங்காளியரோடும் தெலுங்கரோடும் மலையாளிகளோடும் பேச இந்தி, அலுவலகத் தாள்களில் இந்தியும் ஆங்கிலமும். கப்பலில் பணியேற்றால் 'சைன் ஆன்'; பணி முடிந்து இறங்கினால் 'சைன் ஆஃப்'. விமானம் எழும்பினால் 'டேக் ஆஃப்'. கோப்பை மேலதிகாரியின் பார்வைக்கு வைத்தால் 'புட் அப்'. தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் அனைவர்க்கும் இந்நிலை பொதுவானது. நெடுஞ்சொற்கள் நமக்குத் தேர்வு மண்டபத்தில் எதிர்ப்படுகின்றன. குறுஞ்சொற்களோ நம் ஊதியத்திலும் கடனிலும் வழக்கிலும் எதிர்ப்படுகின்றன.

இக்கூட்டுவினைகள் எங்கிருந்து வந்தன? ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் துணைச்சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னே நின்றது. 'அப்ஹோல்ட்', 'வித்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்' என்பன அந்தப் பழைய அமைப்பின் எச்சங்கள். நாளடைவில் துணைச்சொல் வினைக்குப் பின்னே சென்று நிற்கும் வழக்கம் வலுப்பெற்றது. 8ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இங்கிலாந்தில் வந்திறங்கிக் குடியேறிய வடபுலக் கடலோடிகளின் மொழி இம்மாற்றத்திற்குத் துணைபுரிந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். இன்று கூட்டுவினைகளில் மிகுதியாக வழங்கும் 'டேக்', 'கெட்', 'கால்' ஆகிய சொற்கள் அம்மொழியின் கொடைகளே. பழைய அமைப்பும் புதிய அமைப்பும் அருகருகே வாழ்வதால் விந்தையான இணைகள் பிறந்தன. 'ஓவர்டேக்' என்றால் முந்திச் செல்லுதல். 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பு ஏற்றல். 'அப்செட்' என்றால் கவிழ்த்தல். 'செட் அப்' என்றால் நிறுவுதல். சொற்கள் அவையே; நின்ற இடம் மாறியதும் பொருள் தலைகீழாயிற்று.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி செய்தது. திருச்சபையிலும் கல்வியிலும் இலத்தீன் வீற்றிருந்தது. குடிமக்கள் தம் வீடுகளிலும் வயல்களிலும் சிறு சொற்களையே பேசி வந்தனர். இவ்வாறு ஒரே பொருளுக்கு இரண்டு வரிசைகள் அமைந்தன. மேன்மக்கள் வரிசையில் 'சரண்டர்'. எளியோர் வரிசையில் 'கிவ் அப்'. முன்னதில் 'டாலரேட்'; பின்னதில் 'புட் அப் வித்'. ஆங்கிலேயர் குழந்தைப் பருவத்தில் எளியோர் வரிசையைக் கற்றுப் பின்னர் மற்றதைக் கற்கின்றனர். நாம் அதனைத் தலைகீழாகக் கற்றோம்.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1835ஆம் ஆண்டில் மெக்காலேயின் குறிப்பும் அதனைத் தொடர்ந்த பெண்டிங்கின் ஆணையும் இந்நாட்டு உயர்கல்வியை ஆங்கிலத்தின்பால் திருப்பின. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அங்கே கற்பிக்கப்பட்டது ஏட்டு ஆங்கிலம். நம் முன்னோர் பெருங்காவியங்களைப் பயின்றனர். நெடிய வாக்கியங்களைப் பிழையின்றி எழுதினர். ஆயினும் தெருவிலும் துறைமுகத்திலும் வழங்கிய சிறு வினைகள் பாடத்திட்டத்தில் இடம்பெறுவது அரிதாயிற்று.

இத்தொல்லையை ஆங்கிலேயரே அறியாதிருந்தனர் அல்லர். 1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு துணைச்சொல் கூடிப் பொருள் மாறும் இவ்வழக்கு அயலார்க்கு மிகுந்த இடர் விளைப்பது என்று அதன் முன்னுரையில் குறிப்பிட்டு, இத்தகைய தொடர்களை முயன்று திரட்டித் தந்தார். எனினும் இவ்வகைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயர் பரவியது மிகப் பிற்காலத்தில்தான். 1925ஆம் ஆண்டில் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அப்பெயரை ஆண்டார். அதனைத் தமக்குக் கூறியவர் ஆக்ஸ்போர்டு பேரகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அவர் எழுதினார். 1928ஆம் ஆண்டில் நிறைவுற்ற அப்பேரகராதியின் முதற்பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்த சொல் எது தெரியுமா? மூன்றே எழுத்துக்களால் ஆகிய 'செட்' என்பதே.

அதன்பின் இருவகை முயற்சிகள் எழுந்தன. 1930ஆம் ஆண்டில் சி. கே. ஆக்டன் என்பார் 850 சொற்களால் ஆகிய அடிப்படை ஆங்கிலம் ஒன்றை வகுத்தார். அதில் வினைத்தொழில் புரியும் சொற்கள் 18 மட்டுமே. 1943ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சில் இத்திட்டத்தைப் பாராட்டினார். ஆனால் 18 வினைகளைக் கொண்டு உலகத்துச் செயல்களையெல்லாம் சொல்வது எங்ஙனம்? 'என்டர்' என்பதை விலக்கிவிட்டு 'கோ இன்' என்றும், 'கண்டினியூ' என்பதை விலக்கிவிட்டு 'கோ ஆன்' என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. சொற்பட்டியல் சுருங்கியது, கற்போர் சுமை சுருங்கவில்லை. ஒரு சொல்லுக்குள் பல பொருள்களை அடைத்துவைத்து அதனை ஒன்று என எண்ணுவது கணக்கில் எளிது, வாழ்க்கையில் அரிது.

மற்றொரு முயற்சி நம் வங்கக் கடலின் கரையிலேயே தோன்றியது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்கத்து மாணவர் ஆங்கிலம் படிக்கும் முறையை ஆராய்ந்து 1926ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். 1935ஆம் ஆண்டில் அவர் எண்டிகாட் என்பாருடன் சேர்ந்து வெளியிட்ட அகராதி, 1,490 சொற்களைக் கொண்டே ஏனைய சொற்களுக்கெல்லாம் விளக்கம் தந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் அவர்தம் துணைவர் இருவரும் கற்போர்க்கென்றே தொகுத்த அகராதி 1942ஆம் ஆண்டில் டோக்கியோவில் வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் ஜப்பானியப் படை அந்தமானைக் கைப்பற்றியது. போர் ஓய்ந்தபின், 1948ஆம் ஆண்டில், அந்நூலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட, அது உலகெங்கும் பரவியது. தமிழர்க்கு, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் பெருந்துணை ஆயிற்று.

இனி, கூட்டுவினையை அறியாமையால் நேரும் இழப்பு யாது என்று பார்ப்போம். எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் மூன்று சொற்கள் போதும்.

முதலாவது 'ரைட் ஆஃப்'. ஒரு வங்கி கடனை 'ரைட் ஆஃப்' செய்தது என்றால், அது வாராக்கடன் என மதித்துத் தன் கணக்கேட்டின் சொத்து வரிசையிலிருந்து நீக்கியது என்பதே பொருள். கடன்பட்டவர் பொறுப்பு அதனால் நீங்குவதில்லை. வங்கி அவரிடம் வசூலிக்க முயலலாம். 'வேய்வ்' என்றால்தான் கடனையே விட்டுக்கொடுத்தல் ஆகும். தமிழில் இரண்டையும் 'தள்ளுபடி' என்றே எழுதிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லை நம்பித் தன் கடன் தீர்ந்தது என்று உறங்குபவர் வீட்டுக் கதவை வங்கியின் அறிவிப்பு தட்டக்கூடும்.

இரண்டாவது 'லே ஆஃப்'. அமெரிக்க வழக்கில் இது பெரும்பாலும் வேலையினின்று நீக்குதலையே குறிக்கின்றது. இந்தியச் சட்டம் தந்த பொருள் வேறு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் குறைவாலோ இயந்திரப் பழுதாலோ முதலாளி தற்காலிகமாக வேலை தர இயலாத நிலையே 'லே ஆஃப்'. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதி இழப்பீடாகக் கிடைக்கும் என்று அவ்விதிகள் வகுத்தன. இதனை வேலைநீக்கம் என்று பிழையாக உணர்ந்து ஊர் திரும்பியவர் தமக்குரிய பணத்தைக் கேளாமலே விட்டவர் ஆவார்.

மூன்றாவது 'செட் ஆஃப்'. தீர்ப்பை 'செட் அசைட்' செய்தால் அது நீக்கறவு பெற்றது, தண்டனை போயிற்று. காவற்காலத்தை 'செட் ஆஃப்' செய்தால் தண்டனை போகாது. விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாள்கள் தண்டனைக் காலத்தில் கழிக்கப்படும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு வழங்கிய இவ்வுரிமை 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. 'செட்' ஒன்றே, துணைச்சொல் மாறினால் ஒருவர் இன்று வீடு திரும்புவாரா, சில மாதம் கழித்துத் திரும்புவாரா என்பதே மாறிவிடும்.

அவ்வாறாயின் கற்பது எப்படி? முதற்கண், இவ்வமைப்பு தமிழர்க்கு முற்றிலும் அயலானது அன்று என உணர வேண்டும். 'படு' என்னும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படு, அகப்படு, வெளிப்படு, உட்படு, முற்படு, தலைப்படு. ஒவ்வொன்றும் ஒரு தனிப்பொருள் தருகிறது. 'கொள்' என்பதோடு மேற்கொள், உட்கொள், கைக்கொள் என்பன பிறக்கின்றன. 'கிவ் அப்' என்பதற்குத் தமிழில் 'கைவிடு' என்கிறோம். அங்குக் கையும் இல்லை, விடுதலும் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. தமிழ் கற்கும் வங்காளி அன்பர் ஒருவர் இவற்றைக் கேட்டு எவ்வாறு திகைப்பாரோ அவ்வாறே நாமும் ஆங்கிலத்தில் திகைக்கிறோம். வேறுபாடு ஒன்றே: தமிழில் துணை முன்னே நிற்கிறது, ஆங்கிலத்தில் பின்னே நிற்கிறது.

இரண்டாவதாக, செவியைப் பயன்படுத்த வேண்டும். 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின்மேல் ஓடுதல். 'ரன் அப் எ பில்' என்றால் கடைக்கணக்கை ஏற்றிக்கொள்ளுதல். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பின்னதில் 'அப்' என்பதை அழுத்திச் சொல்வர். முன்னதில் பெரும்பாலும் அவ்வழுத்தம் இராது. அன்றியும் 'பில்' என்பதற்கு மாற்றுச்சொல் இட்டால் 'ரன் இட் அப்' என்று அது நடுவே புகும். குன்றுக்கு அவ்வாறு புகாது. வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்போர் இவ்வழுத்தத்தை நாள்தோறும் கவனித்தல் நன்று.

மூன்றாவதாக, தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாமல், வந்த வாக்கியத்தோடு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். 'கால் ஆஃப்' என்று மட்டும் எழுதினால் நாளை மறந்துபோகும். வேலைநிறுத்தத்தை 'கால் ஆஃப்' செய்தனர், அதாவது கைவிட்டனர் என்று எழுதினால் நிலைத்து நிற்கும். ஒரே கூட்டுவினை வேறொரு பொருளில் மீண்டும் எதிர்ப்பட்டால் அதனையும் அதன் கீழேயே எழுதிவருக. ஓராண்டில் அக்குறிப்பேடு உங்கள் வாழ்க்கைக்கே உரிய அகராதி ஆகிவிடும்.

லாக்கப், மேக்கப், கட்டவுட் என்னும் கூட்டுவினைப் பெயர்கள் இன்று தமிழர் நாவில் அயலென்று தோன்றாமலே வழங்குகின்றன. 'வாக் அவுட்' என்பதை வெளிநடப்பு என்றும் 'லாக் அவுட்' என்பதைக் கதவடைப்பு என்றும் நம்மவர் அழகுற ஆக்கிக்கொண்டனர். அவற்றை ஆக்கியோர் சொல்லைப் பார்த்து எழுதவில்லை. நிகழ்ச்சியைப் பார்த்து எழுதினர். கையொப்பமிடுமாறு ஒரு தாள் உங்கள் முன் நீட்டப்படும்போது நீங்களும் அதனையே செய்யுங்கள். நெடுஞ்சொல் புரியாவிட்டால் நாம் தாமாகவே யாரையேனும் கேட்டுவிடுவோம். எளிய சொல் எதிர்ப்படும்போதுதான், அது எதனோடு கூடி நிற்கிறது என்று ஒரு கணம் நின்று பார்த்தல் வேண்டும்.