பெயர் மாறி மறைந்த மிஃபா: பெட்டாலிங் ஜெயா சிட்டி காற்பந்துக் குழுவின் கதை

மலேசியக் காற்பந்தின் உயர்மட்டமான சூப்பர் லீக்கில் 2019 முதல் 2022 வரை நான்கு பருவங்கள் விளையாடிய குழு பெட்டாலிங் ஜெயா சிட்டி. அக்குழு ஒருமுறைகூட கீழிறக்கப்படவில்லை. ஆனாலும் இன்று லீக்கில் இல்லை. இந்தியச் சமூகத்தின் பெயரைத் தாங்கி வளர்ந்த குழு அது என்பதை இளைய ரசிகர்களில் பலர் அறியாமல் இருக்கலாம்.

அதன் பழைய பெயர் மிஸ்க்-மிஃபா. மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றம், மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் ஆகிய இரண்டின் ஆங்கிலச் சுருக்கம் இது. (கப்பல் நிறுவனமான மிஸ்க்கிற்கும் இதற்கும் தொடர்பில்லை.) இரு அமைப்புகளுக்கும் தலைமையேற்றிருந்தவர் டத்தோ டி. மோகன்.

இந்திய ஆட்டக்காரர்கள் நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் விளையாடினார். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர் பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம் கிள்ளான் துறைமுக மண்ணின் மைந்தர். 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்தபோதுதான் மலேசியா 2010-இல் சுசுகி கிண்ணத்தை வென்றது. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, மாலை நேரத்தில் பிள்ளைகள் பந்து உதைத்த திடல்களும் போயின. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாதை வேண்டும் என்ற தேவையில்தான் மிஃபா போன்ற குழுவுக்குப் பொருள் இருந்தது.

எஃப்.ஏ.எம். லீக்கிலிருந்து முன்னேறிய மிஃபா, 2017-இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. சூப்பர் லீக்கிற்கான வாய்ப்பு சற்று எதிர்பாராமல் வந்தது. 2018 பருவம் முடிந்ததும் உயர்வு பெற்றிருந்த ஃபெல்க்ரா விலகிக்கொண்டது. பெரிய கிளப்களின் இரண்டாம் அணிகளான ஜொகூர், திரங்கானு அணிகள் மேலே செல்ல விதி இடம் தரவில்லை. காலியான இடம் மிஃபாவுக்குக் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். ஆனால் அந்த இடத்தில் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது அதிர்ஷ்டத்தால் அல்ல.

உயர்ந்த கையோடு பெயரும் மாறியது. கியூஐ குழுமத்தின் ஆதரவுடன் பெட்டாலிங் ஜெயா சிட்டியாக களமிறங்கியது. கெலானா ஜெயாவிலுள்ள எம்.பி.பி.ஜே. அரங்கம் அதன் சொந்தத் திடல். பிரீக்பீல்ட்ஸ்காரர்கள் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் கெலானா ஜெயா போய்விடலாம்.

2019-இல் பயிற்றுநர் கே. தேவன். அணித்தலைவர் சிலாங்கூரின் முன்னாள் ஆட்டக்காரர் கே. குருசாமி. 2010 சுசுகி கிண்ணத்தில் அதிக கோல் அடித்த சாஃபி சாலியும் அவ்வாண்டு இக்குழுவுக்கு ஆடினார். ஆர். பரத்குமார், கோகிலேஸ்வரன் ராஜ் ஆகியோரும் இக்குழுவின் ஆட்டக்காரர்கள்.

அதன் பின்னர் பி. மணியம் பயிற்றுநரானார். 2021-இல் குழு எடுத்த முடிவு துணிச்சலானது: வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் வேண்டாம். மற்ற குழுக்கள் கோல் அடிக்க வெளிநாட்டவரை நம்பியிருந்தபோது, இவர்கள் முழுக்க உள்ளூர்க்காரர்களுடன் களமிறங்கினர். அந்த ஆண்டு பேராக்கும் யூ.ஐ.டி.எம்-மும் கீழிறங்கின, பெட்டாலிங் ஜெயா தப்பியது.

உள்ளூர்க்காரர்களுக்கு நேரம் கிடைத்ததன் பலன் தேசிய அணியில் தெரிந்தது. இடது தற்காப்பு ஆட்டக்காரர் வி. ருவெந்திரன், தாக்குதல் ஆட்டக்காரர் டேரன் லோக் இருவரும் 2022 டிசம்பரில் தொடங்கிய ஆசியான் கிண்ணப் போட்டிக்கான மலேசிய அணியில் இடம்பெற்றனர்.

ஆனால் அவர்களின் கிளப் அதற்குள் முடிவுக்கு வந்துவிட்டது. 2022 பருவத்துக்குப் பின் பெட்டாலிங் ஜெயா சிட்டி தானாகவே லீக்கிலிருந்து விலகியது. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகியவையும் அடுத்த பருவத்தில் இல்லை. அவற்றுக்கு உரிமம் கிடைக்கவில்லை. 2023 சூப்பர் லீக் 14 குழுக்களுடன் தொடங்கியது. டேரன் லோக் சபாவுக்குச் சென்றார்; மற்றவர்களும் வேறு குழு தேட வேண்டியதாயிற்று.